எந்த இடத்தார்க்கு இடம்?

'இடம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. அவற்றுள் இரண்டு நமக்கு இங்கே வேண்டும். ஒருவன் பிறந்து வாழும் ஊர் ஓர் இடம். கல்லூரியில் அவனுக்குக் கிடைக்கும் இருக்கை மற்றோர் இடம். முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், "அறவே இல்லை, மதிப்பெண் ஒன்றே கணக்கு" என்பர் தகுதி பேசுவோர். அம் மதிப்பெண் வானத்திலிருந்து உதிர்ந்ததன்று. வீடும் தெருவும், பள்ளியும் பேருந்தும், இரவில் எரியும் விளக்கும், தந்தை கற்ற கல்வியும், தாய்க்குக் கிட்டும் ஓய்வும் சேர்ந்து வளர்த்த பிள்ளை அது. இதனை அவர்கள் அறியாதவர் அல்லர். அறிந்தும் பேசுவதில்லை.

கல்லூரி வாயிலில் எதை எதை நிறுத்துப் பார்ப்பது என்பது இந்நாட்டில் நூறாண்டு வழக்கு. வகுப்பு என்ற எடைக்கல்லைப் பற்றி நம் இயக்க ஏடுகள் நிறைய எழுதியுள்ளன. இன்னும் எழுத வேண்டும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவ்வளவாகப் பேசப்படாத மற்றோர் எடைக்கல். அதுதான் ஊர். தட்டில் அது எப்போது ஏறிற்று, யாரால் இறக்கப்பட்டது, இறக்கியபின் அதன் எடையை எவர் சுமந்தனர் என்பதைப் போடிநாயக்கனூரிலும், அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவிலும் நின்று பார்ப்போம்.

போடி ஏலக்காயின் ஊர். மலையில் விளையும் காய் இங்கே இறங்கி, தரம் பிரிந்து, ஏலம் போய், வடநாட்டுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்கிறது. காய் இறங்கும் வழியில் ஆள் ஏறுகிறார். போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து மலை தாண்டும் பெண்கள், களை வெட்டி, காய் எடுத்து, பொழுது சாயத் திரும்புகின்றனர். குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்ற பெயர்களில் சிற்றூர்கள் உண்டு. பெயரைக் கேட்டு அங்கே தொடர்வண்டி நிற்கும் என்று எண்ணிவிடல் வேண்டா! வெள்ளையர் காலத்தில் மூணாற்றுத் தேயிலையைக் கம்பிவடத்தில் கட்டிக் கீழே இறக்கிய நிலையங்களின் பெயர் அவை. தேயிலைப் பெட்டி காற்றில் மிதந்து இறங்கியது; அதை விளைவித்தவன் நடந்து ஏறினான். அவன் பெயரனும் பெயர்த்தியும் மேனிலைக் கல்வி பெற வேண்டுமானால் மலையிறங்கி, போடியில் விடுதியிலோ உறவினர் வீட்டுத் திண்ணையிலோ தங்கவேண்டும். அச் சரிவுகளில் வாழும் முதுவரும் பளியரும் கல்லூரி என்ற சொல்லையே அண்மையில்தான் தம் வீட்டுச் சொல்லாகக் கொள்ளத் தொடங்கியுள்ளனர்.

மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டி வந்தது 1928இல். நீதிக்கட்சி அரசு 1921இல் வித்திட்ட வகுப்புவாரி ஆணை, சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியாரின் உறுதியால் உயிர்பெற்று நடைமுறைக்கு வந்ததும் அவ் ஆண்டே. பன்னிரண்டு அரசுப் பணியிடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்க்கு 2, முசுலிம்களுக்கு 2, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமாக 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 1 என்று வகுத்தது அவ்வாணை. பணிக்கு வந்த நெறி பின்னர்க் கல்லூரிக்கும் வந்தது. 1947இல் பன்னிரண்டு பதினான்காயிற்று; பிற்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே 2 இடங்கள் பிறந்தன.

இந்த முறையைத்தான் 1950இல் செண்பகம் துரைராசனும் சீனிவாசனும் நீதிமன்றத்துக்கு இழுத்தனர். செண்பகம் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது வழக்கு மன்றத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. போடாத விண்ணப்பத்துக்குக் கிடைக்காத இடம், ஒரு நாட்டின் சட்டத்தையே புரட்டிற்று! சென்னை உயர்நீதிமன்றம் 1950 சூலையிலும், உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்றும் ஆணை செல்லாது என்றன. தமிழகம் கொதித்தது; பெரியார் களம் கண்டார்; அதே ஆண்டு சூன் திங்களில் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இவ்வளவும் நம் வாசகர் அறிந்ததே.

அத் தீர்ப்பின் தொடக்கத்தில் கிடக்கும் ஒரு கணக்கை மட்டும் நாம் பெரும்பாலும் படிக்காமல் கடந்துவிடுகிறோம். அன்றைய சென்னை மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 330. வெளிமாநிலத்தார்க்கு 17, அரசின் விருப்ப ஒதுக்கீட்டுக்கு 12. எஞ்சிய 301 இடங்களும் எடுத்த எடுப்பில் வகுப்புவாரியாகப் பிரிக்கப்படவில்லை. முதலில் அவை நான்கு மாவட்டத் தொகுதிகளுக்குப் பங்கிடப்பட்டன. அதன்பின்னரே, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் பதினான்குக்கு இத்தனை என்ற வகுப்புக் கணக்கு. ஒவ்வொரு தொகுதியிலும் பெண்களுக்கு 20 விழுக்காடு. இவ்வளவுக்கும் பின், ஒத்த நிலையினரிடையே மதிப்பெண்.

இதன் பொருள் என்ன? மதிப்பெண்ணை எவரும் விரட்டவில்லை. சென்னை மயிலாப்பூரின் வழக்கறிஞர் மகனும் மேற்கு மலையடிவாரத்து உழவன் மகனும் ஒரே கோட்டில் நின்று ஓடும் கேலிக்கூத்தைத்தான் விரட்டினர். அந்நாளில் தமிழ்ப் பகுதியில் இருந்த அரசு மருத்துவக் கல்லூரிகள் இரண்டும் சென்னையில் இருந்தன என்பதை நினைவிற்கொண்டால் இப் பங்கீட்டின் அருமை புரியும். மதுரைக்குக் கல்லூரி வந்தது 1954இல்தான். கல்லூரி தொலைவில் இருந்தபோது, இடமேனும் நம் பக்கம் வரட்டும் என்று எண்ணிய ஆட்சி முறை அது.

1951இல் நடந்த திருத்தம் பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கும், பட்டியலினத்தாருக்கும், பழங்குடியினருக்கும் குடை பிடித்தது. ஊருக்குக் குடை இல்லை. ஆயினும் மாவட்டக் கணக்கு விதிகளில் ஒட்டிக்கொண்டு சிலகாலம் வாழ்ந்தது. மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ப மருத்துவ இடங்களைப் பங்கிடும் விதியாக 1960களில் நின்றது. 1968 சனவரியில், இராசேந்திரன் வழக்கில், உச்ச நீதிமன்றம் அதையும் வெட்டியது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் செல்லும். மாவட்டப் பங்கீடு செல்லாது. சிறந்த திறமையாளரைச் சேர்ப்பதே நோக்கமாயின், ஒரு மாவட்டத்தில் மிகுந்த மதிப்பெண்ணினன் வெளியே நிற்க, மற்றொரு மாவட்டத்தில் குறைந்தவன் உள்ளே புகுவது அந் நோக்கத்தையே கெடுக்கும் என்றனர் நீதிபதிகள். சென்னை நகரத்தார் மிகுதி இடங்களை அள்ளிக்கொள்வர் என்ற வாதம் எடுபடவில்லை. தருக்கம் குற்றமற்றது, ஒன்றைத் தவிர. போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளும் சென்னைக் கடற்கரைச் சாலையும் ஒரே சாலை என்று கொண்டால் அத் தருக்கம் நிற்கும்.

தமிழ்நாட்டரசு பிறகு கல்லூரிகளைச் சில அலகுகளாகப் பிரித்து, அலகுவாரியாகத் தேர்வு நடத்திப் பார்த்தது. பெரியகருப்பன் வழக்கில் 1970இல் அதுவும் வீழ்ந்தது. வேடிக்கை என்னவெனில், அதே வழக்கில்தான் நேர்முகத் தேர்வின் திரையும் விலகியது. பாட மதிப்பெண் 200, நேர்முகத்துக்கு 75. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்கு அப்பாற்பட்ட தொண்டு, உடல்நலமும் தாங்குதிறனும், பொது அறிவாற்றல், நாட்டம் என ஐந்து தகுதிகளை எடைபோடுவதற்காக அந்த 75. ஆனால் எதற்கு எத்தனை என்று பகுக்காமல் மொத்தமாக எண்களை இட்டுச் சென்றனர் தேர்வுக் குழுவினர். அது சட்டத்துக்கு ஒவ்வாதது என்றது நீதிமன்றம். இங்கே நமக்கொரு குறுக்கெண்ணம் எழுகிறது. தாங்குதிறனுக்கு மதிப்பெண் உண்டென்றால், குரங்கணியிலிருந்து அரிசி மூட்டையோடு ஏறி இறங்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும் அல்லவா சேர்ந்திருக்க வேண்டும்! சேராது. வெள்ளைச் சட்டையும் தடையற்ற ஆங்கிலமும் அணிந்து வருவோரின் தாங்குதிறனே அறைக்குள் தெரியும். 'பண்பை' எடைபோடும் தராசு எங்கும் இப்படித்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வெழுதி வென்ற யூத மாணவர் மிகுந்துவிட்டனர் என்று அஞ்சிய தலைவர் லோவெல், 1920களில் கையிலெடுத்த கருவியும் 'நற்பண்பு' என்பதே.

1974இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. அம் மாநிலம் மருத்துவக் கல்லூரிகளில் மலைப்பகுதியினர்க்கும், உத்தரகண்டப் பகுதியினர்க்கும், கிராமத்தினர்க்கும் இடம் ஒதுக்கியிருந்தது. முதல் இரண்டும் செல்லும் என்றது தீர்ப்பு. மூன்றாவது செல்லாது என்றது. மலையில் வாழ்வோர் போக்குவரவின்றி, பள்ளியின்றிப் பின்தங்கிய மக்கள் என்பதை ஏற்றனர். நாட்டின் பெரும்பகுதியான கிராமத்தார் அனைவரையும் அப்படிக் கொள்ள இயலாது என்றனர். பிரதீப் தாண்டன் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிக்கும் இத் தீர்ப்பை நாம் படித்தபோது வியப்புற்றோம். இமயத்துச் சரிவுக்குத் திறந்த அந்த வாயிலில், ஏலமலைச் சரிவின் சார்பாக எவரேனும் சென்று நின்றனரா? கேட்டவனுக்குக் கொடுத்தனர், நம் மலைக்காகக் கேட்கும் குரல் எழவில்லை.

ஊரை எடைபோடுவது எப்போதும் நன்மையே தரும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஊர்க் கணக்கு ஓர் இனத்தின் கழுத்தில் கத்தியாக இறங்கிய வரலாறு, கடலுக்கு அப்பால் நம் உடன்பிறப்புகள் நாட்டிலேயே இருக்கிறது. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் 'தரப்படுத்தல்' வந்தது. மருத்துவம் பயிலத் தமிழில் தேர்வெழுதியவர்க்கு 250 மதிப்பெண். சிங்களத்தில் எழுதியவர்க்கு 229. இதற்கு எழுந்த எதிர்ப்பின் பின், 1974இல் மாவட்டப் பங்கீடு நுழைந்தது. மொழியின் பெயரால் செய்ததை ஊரின் பெயரால் செய்தனர். யாழ்ப்பாணத்து இளைஞர் உள்ளத்தில் அது இட்ட நெருப்பு என்னவாயிற்று என்பதை உலகறியும். அதே வேளையில், மட்டக்களப்பு, மன்னார் போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்கு அப் பங்கீடு ஓரளவு வாயில் திறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்றும் அந்நாட்டில் பெரும்பாலான பட்டப் படிப்புகளில் 40 விழுக்காடு தீவளாவிய தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. எடைக்கல்லில் நன்மையோ தீமையோ எழுதப்பட்டிருக்கவில்லை. வகுப்பின் உரிமை உறுதியாகாத நாட்டில் ஊர்க் கணக்கு வகுப்பை ஒடுக்கும் கருவியாகிவிடும் என்பதே அங்கிருந்து நாம் பெறும் பாடம். ஆகவே, "சாதியைப் பார்க்காதே, ஊரைப் பார்" என்று இனிக்க இனிக்கப் பேசுவோர்க்கு நாம் இடம் கொடுக்கோம். வகுப்புரிமைக்கு மாற்றாக அன்று, அதன் உள்ளேதான் ஊர் எடைபோடப்பட வேண்டும். 1950இன் பங்கீடு அப்படித்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் வகுப்புரிமை படிப்படியாக வளர்ந்தது. சட்டநாதன் ஆணையத்துக்குப் பின் 1971இல் பிற்படுத்தப்பட்டோர்க்கு 31 விழுக்காடும், பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்குமாக 18 விழுக்காடும் ஆயின; 1979இல் புகுந்த 9,000 ரூபாய் வருமான வரம்பு மக்கள் தீர்ப்பால் வெளியேறி, 1980இல் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 50 விழுக்காடாயிற்று; மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 1989இல் தனிப்பங்கு பிறந்தது; 69 விழுக்காடு 1994இல் ஒன்பதாம் அட்டவணையின் காவலில் அமர்ந்தது. ஆனால் அதே காலத்தில், 1984 முதல், பொது நுழைவுத் தேர்வு என்னும் புதிய எடைக்கல் தட்டில் ஏறியிருந்தது. பாட மதிப்பெண் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு. பள்ளியில் கற்பித்ததை அளக்கும் தேர்வன்று அது. பள்ளிக்கு வெளியே காசு கொடுத்துக் கற்றதை அளப்பது. பயிற்சி நிலையங்கள் பேரூர்களில் முளைத்தன. மலைச் சரிவில் முளைக்கவில்லை.

ஊரை மீண்டும் தட்டில் ஏற்றும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் நடந்தது. கிராமப்புறப் பள்ளிகளில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 15 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது அன்றைய தி.மு.கழக அரசு. 2001இல் வந்த அரசு அதை 25ஆக உயர்த்தியது. சென்னை உயர்நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. நுழைவுத் தேர்வு மட்டும், ஆனந்தகிருட்டிணன் குழுவின் ஆய்வை அடித்தளமாகக் கொண்ட சட்டத்தின் வழியே, 2007இல் ஒழிந்தது. ஒழிந்த பத்தே ஆண்டில், 2017இல், 'நீட்' என்ற பெயரில் தில்லியிலிருந்து திரும்பி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்ற அரியலூர் அனிதா உயிர் நீத்த ஆண்டு அது. ஏ.கே. இராசன் குழு 2021இல் அளித்த அறிக்கை, பலமுறை தேர்வெழுதிச் சேர்ந்தோர் 2016-17இல் 12 விழுக்காட்டளவில் இருந்தனர் என்றும் 2020-21இல் 71 விழுக்காட்டைத் தாண்டினர் என்றும் காட்டிற்று. ஓராண்டு முழுவதும் வேலைக்குப் போகாமல், பயிற்சிக் கட்டணமும் கட்டி, மீண்டும் எழுதக் காத்திருக்க யாரால் இயலும்? தோட்டத்தில் நாட்கூலிக்குக் காய் எடுப்பவள் மகளால் இயலுமா? மதிப்பெண் என்ற பெயரில் இன்று நிறுக்கப்படுவது காத்திருக்கும் வசதி. 'நீட்' விலக்குச் சட்ட முன்வடிவைத் தமிழ்நாட்டுப் பேரவை 2021இலும் 2022இலும் நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது.

2019-20இல் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் சேர்ந்தவர் ஆறே பேர். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு தரலாம் என்றது, அன்றைய அ.தி.மு.க. அரசு 7.5 விழுக்காடு தந்தது; ஆளுநர் ஒப்புதலுக்கு நாடே காத்திருந்து, 2020 அக்டோபர் இறுதியில் அது வந்தது. அவ் ஆண்டே மருத்துவத்தில் 313, பல் மருத்துவத்தில் 92, ஆக 405 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுங்கின. ஆறு எங்கே, நானூற்றைந்து எங்கே! 2022இல் உயர்நீதிமன்றமும் இச் சட்டத்தை ஏற்றது. மாவட்டம் என்றபோது வீழ்ந்தது, கிராமம் என்றபோது வீழ்ந்தது, அரசுப் பள்ளி என்றபோது நின்றது. காரணம் இருக்கிறது. ஊருக்கு இரங்குங்கள் என்று கேட்கவில்லை இச் சட்டம். அரசு தான் நடத்தும் பள்ளியின் குறைக்குத் தானே பொறுப்பேற்றது. ஆணையம் எடுத்த எண்களையும் கையில் வைத்திருந்தது.

இப்போது மறுபடியும் மலைச் சரிவுக்கு வருவோம். தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி 2004இல் வந்தது. போடியில் அரசு பொறியியல் கல்லூரி 2012இல் வந்தது. 2010இல் அகலப்பாதைக்காக நின்ற தொடர்வண்டியும் 2023 சூனில் போடிக்குத் திரும்பிவிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் கல்லூரி வந்ததனால் இடம் வந்துவிடவில்லை. கலந்தாய்வு மாநிலம் முழுமைக்கும் ஒன்று. அதில் போடிப் பிள்ளைக்குப் போடிக் கல்லூரியில் முன்னுரிமை ஏதுமில்லை. மிஞ்சி நிற்பது 7.5 விழுக்காடு ஒன்றே. அதன் விதி என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடியத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளியும், ஆதிதிராவிடர் நலப் பள்ளியும், பழங்குடியினர் நலப் பள்ளியும் அதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது.

இந்த 'ஆறாம் வகுப்பு' என்ற சொல்லில்தான் சரிவின் பிள்ளை இடறி விழுகிறது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் நம்மோடு சேரவில்லை. மார்சல் நேசமணி முதலானோர் தலைமையில் நடந்த போராட்டமும், சிந்திய குருதியும் அவ் எல்லையை நகர்த்தவில்லை. போடிமெட்டின் உச்சியில் கோடு நிலைத்தது. காய் எடுப்புக் காலத்தில் நாள்தோறும் ஏறி இறங்க இயலாத குடும்பங்கள் அப்பால் லயங்களில் தங்கிவிடுகின்றன. பிள்ளை அங்குள்ள அரசுத் தமிழ்ப் பள்ளியில் ஏழோ எட்டோ படிக்கிறது. பின்பு பாட்டி வீட்டை நாடிப் போடிக்கு இறங்கி, ஒன்பதாம் வகுப்பில் நம் அரசுப் பள்ளியில் சேர்கிறது. தமிழில் படித்தது, அரசுப் பள்ளியில் படித்தது, கூலி வீட்டிலிருந்து படித்தது; ஆனால் கோட்டுக்கு அப்பால் படித்தது. கேரளத்தில் அது பிறமாநிலப் பிள்ளை. இங்கே அது பாதி அரசுப் பள்ளிப் பிள்ளை. 7.5இல் அதற்குப் பங்கில்லை.

விதியைத் தளர்த்த முடியாதா? ஏற்கெனவே தளர்த்தியிருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் பயின்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கும் இவ் ஒதுக்கீடு உண்டு. நகரத்துத் தனியார் பள்ளியில் எட்டாண்டு இருந்தவர்க்கு நீளும் கை, மலைமேல் அரசுப் பள்ளியில் எட்டாண்டு இருந்தவர்க்கு நீளாதது ஏன்? எல்லை மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள், அயல் மாநில அரசுத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வரை பயின்று, ஒன்பது முதல் இங்கே பயின்றால் போதும் என்ற ஒரு வரித் திருத்தத்தைப் பேரவை செய்யலாம். 1968இல் வீழ்ந்ததுபோல் இது வீழாதிருக்க, கையில் எண்கள் வேண்டும். அவ் எண்களைத் திரட்டப் பெரிய ஆணையம் தேவையில்லை. போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் வட்டார அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, இடுக்கி மாவட்டப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழோடு வந்த பெயர்களைப் பத்தாண்டுக்கு எண்ணிப் பார்த்தால் போதும். அப் பதிவேடுகளை எழுதுவோர் ஆசிரியராகிய நாமே. வரும் கோடை விடுமுறையில் அப் பணியைத் தொடங்கலாம்.